கீழைவாயிலில் நின்ற மண்ணுரு

“இவரு எப்பப் போவாரு?”

முகில்துறைப் படித்துறையில் ஒரு பெண்குழந்தை அடியேனிடம் கேட்ட கேள்வி இது. கலைமன்றத்து ஓலை எதுவாயினும், குடிகளில் ஒருவர் சொன்ன சொல்லை முதலில் நிறுத்தி, அதன் பின்னரே அரசரை வாழ்த்த வேண்டும் என்று தங்கள் தந்தையார் வகுத்து வைத்தார். அம்முறைப்படி அதை மேலே வைத்தேன். இனி வாழ்த்து.

தென்கானல் நாட்டின் ஆறுகளுக்குக் கரையாகவும், அதன் களஞ்சியங்களுக்குப் பூட்டாகவும், தாயற்ற பிள்ளைகளுக்குத் தாயாகவும் விளங்கும் கோப்பெருந்தேவி ஆதிரைநங்கையாரின் திருவடிகளுக்கு, முகில்துறைக் கலைமன்றத் தலைவன் விடங்கன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. தங்கள் அரண்மனையில் நோய் அணுகாதிருக்க. தங்கள் உறக்கம் முழுமையாக இருக்க. ஈசன் அருளால் இவ்வாண்டு மழை தவறாமல் பெய்து, தங்கள் பெயரைச் சொல்லி உழவர் விதைக்க.

தேவியார் இந்த ஓலையை அவையில் படிக்கவிட வேண்டாம் என்று முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன். முத்திரையை உடைக்கும் கையே படிக்கும் கையாகவும் இருக்கட்டும். அடியேனுக்கு அச்சமாக இருக்கிறது. எழுத்தாணி இருமுறை வழுக்கி, ஓர் ஏடு கிழிந்தது. இதை எழுதாவிட்டால் ஒரு மனிதன் வீடு இழப்பான். எழுதினாலோ ஒரு தெருவே அழியக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே தங்கள் மனம் ஒன்றுதான் இருக்கிறது. அதை நம்பியே எழுதுகிறேன்.

எங்கள் மன்றம் வேலை செய்யும் விதம் தாங்கள் அறிந்ததே. நேர்ந்த பிழை அந்த விதத்திலிருந்தே பிறந்ததால் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். பொது இடத்தில் ஒரு சிலை வைப்பதாயின், அதே அளவில் மண்ணும் வைக்கோலும் கொண்டு ஓர் உரு செய்து, அது நிற்க வேண்டிய இடத்திலேயே ஒரு மாதம் நிறுத்தி வைப்போம். மன்றத்தார் முறை வைத்து அதன் அருகில் அமர்வோம். எவரையும் எதுவும் கேட்கமாட்டோம். கேட்டால் மக்கள் அரசுக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால் அப்படி ஒரு விதி. கால்களை மட்டும் பார்ப்போம். எங்கே நிற்கின்றன, எங்கே விரைகின்றன, பிள்ளைகள் அதன் நிழலில் விளையாடுகிறார்களா, வாழைப்பழக்காரி கூடையை அங்கே இறக்குகிறாளா என்று பார்த்து, மாத முடிவில் ‘தகும்’ என்றோ ‘தகாது’ என்றோ தங்களுக்கு எழுதுவோம்.

தகும் என்றான பின்னர் விழாவை வகுப்போம். எந்தத் தெரு விளக்கெடுப்பது, எந்தத் தெரு சோறிடுவது, கூத்து எங்கே நடப்பது என்றெல்லாம் பேசிப் பங்கிடுவோம். அதில் ஒன்று மட்டும் பேச்சுக்கு உரியதன்று. சிலை எந்தத் தெருவை நோக்கி நிற்கிறதோ, அந்தத் தெருவே முதல் பறை அடிக்க வேண்டும். அது ஒலிக்காமல் சிலையின் திரை விலகாது.

கொள்ளைக் காய்ச்சல் வந்த ஆண்டில் கீழைவாயிலை அடைத்து நகரைக் காத்து, அதே காய்ச்சலில் மறைந்த தங்கள் தம்பியார், இளவரசர் செவ்வேழனார், வாயிலின் தாழ்ப்பாளில் இரு கைகளையும் வைத்து நிற்பதாக ஒரு கற்சிலை அமைக்க வேண்டும் என்றும், அது அந்த வாயிலுக்கு வெளியே ஆற்றுப் படித்துறையில் நிற்க வேண்டும் என்றும் தாங்கள் ஆணையிட்டீர்கள். அவ்விடம் கீழ்த்துறைத் தெருவின் முகப்பு. பறையடிப்போரும் ஓடம் விடுவோரும் வெளுப்போரும் வாழும் தெரு அது. அன்று கதவு அடைபட்டபோது வெளியே நின்றுபோன தெருவும் அதுவே.

மண்ணுருவை நிறுத்தினோம். மக்கள் அதைக் கடக்கும்போது தலை குனிந்தார்கள். பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு நீர் மொண்டார்கள். எவரும் அங்கே துப்பவில்லை, சண்டையிடவில்லை. சிலர் சுற்றுவழியாகவே போனார்கள். இளவரசர்மீது இவர்களுக்கு எவ்வளவு பக்தி என்று நாங்கள் நெகிழ்ந்தோம். மன்றத்தில் நெசவாளர் சார்பாக அமரும் சேந்தி என்னும் அம்மையார் மட்டும் ஒப்பவில்லை. “என் மாமியார் கூடத்துல உட்கார்ந்திருந்தா நானும் இப்படித்தான் சத்தம் போடாம நடப்பேன். அதுக்குப் பேரு பக்தியா, தலைவரே?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்து, ‘தகும்’ என்று எழுதித் தங்களுக்கு விடுத்தோம்.

பின்னர் விழாவை வகுத்தபோது, முதல் பறைக்காகக் கீழ்த்துறையின் பறைத்தலைவன் வெயிலானை அழைத்தோம். அவன் வரவில்லை. மீண்டும் ஆள் அனுப்பினோம். வந்தான், நின்றான், அடிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னான். காரணம் கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. செய்தி நகரத் தண்டத்தலைவர் மழவராயர் காதுக்குப் போயிற்று. அவர் அதை அரச நிந்தனை என்று கொண்டு அவனைச் சிறையில் வைத்தார். விழா நாளன்று அவனுடைய பறையைக் கிழித்து, அவனையும் மனைவி மக்களையும் எல்லைக்கு அப்பால் விரட்டுவது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அதன் பின்னர் ஒரு நாள், கற்சிலை வரும்வரை அகற்றாமல் விட்டிருந்த மண்ணுருவின் அருகே அடியேன் அமர்ந்திருந்தேன். நீர் மொள்ள வந்த ஒரு சிறுமி, குடத்தை இடுப்பில் ஏற்றத் தெரியாமல் தடுமாறினாள். தூக்கிவிட்டேன். அவள் உருவைப் பாராமலே அந்தக் கேள்வியைக் கேட்டாள். அடியேன் மன்றத்தின் விதியை மீறி, ஏன் என்று கேட்டுவிட்டேன். “இவரு வந்ததுலேருந்து அப்பா சோறே திங்கல. இப்ப அப்பாவயும் காணோம்” என்றாள். வெயிலானின் மகள் அவள். காய்ச்சல் ஆண்டுக்குப் பின் பிறந்தவள்.

எங்கள் மடமை அப்போதுதான் விளங்கிற்று என்று நினைத்தேன். கதவை அடைத்த கைகளை அடைபட்டவர்களின் முகத்துக்கு நேரே நிறுத்தியிருக்கிறோம். இவர்கள் வெறுக்காமல் என்ன செய்வார்கள் என்று எண்ணி, வெயிலானின் மனைவி பேச்சியின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அங்கும் அடியேன் தவறாகவே புரிந்துகொண்டிருந்தேன் என்பது தெரிந்தது.

அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுதும் கேட்டாள். பின்பு, “கதவ மூடுனதுக்கா மன்னிப்பு? மூடலேன்னா நீங்களும்தான் செத்திருப்பீங்க. அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?” என்றாள். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். அடியேன் எழுந்திருக்கவில்லை. அவள் பிழிந்த துணிகளை வாங்கிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். துணி தீர்ந்தபின் அவளே பேசினாள்.

தேவியாரே, இனி எழுதுவதை அமர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

கதவை அடைத்த பின்னர் இளவரசர் அரண்மனைக்குத் திரும்பி ஓய்ந்துவிடவில்லை. மாலைதோறும் காவலரை விலக்கிவிட்டு மதில்மேல் தனியே ஏறி, ஒரு பானையில் கஞ்சியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கியிருக்கிறார். கீழே நின்று அதை வாங்கி, தெருவுக்கு ஊற்றிவிட்டு, வெறும் பானையைத் திரும்பக் கட்டி அனுப்பியவன் வெயிலான். அவனுக்கே அப்போது காய்ச்சல் கண்டிருந்தது. கயிற்றை இழுக்க வேண்டாம், இங்கேயே விட்டுவிடுங்கள், அது எங்கள் கை பட்டது என்று அவன் கீழிருந்து கெஞ்சியிருக்கிறான். அதற்கு இளவரசர் சொன்ன மறுமொழியைப் பேச்சி சொன்னபடியே எழுதுகிறேன். இவ்வரியை விட்டுவிடலாமா என்று நெடுநேரம் எண்ணினேன். விட்டால் உண்மை பாதியாகிவிடும்.

“தினம் ஒரு பானை கேட்டா அக்கா எதுக்குன்னு கேப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா என்னை மதிலுக்கே விடமாட்டாங்க” என்று சொல்லிச் சிரித்தாராம்.

கோட்டைக்குள் வேறு எவரையும் தொடாத காய்ச்சல், இளவரசர் ஒருவரை மட்டும் எவ்வாறு தொட்டது என்று தாங்கள் மருத்துவர்களைக் கேட்டீர்கள். அவர்களுக்குத் தெரியவில்லை. கீழ்த்துறைத் தெருவுக்குத் தெரியும். அவர்கள் குடித்த கஞ்சி அவரைக் கொன்றது என்று அத்தெருவில் பிள்ளை பெற்றவர் ஒவ்வொருவரும் அறிவர். வெளியே தெரிந்தால் இளவரசரைக் கொன்றவர்கள் என்று தெருவையே கொளுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில், பிள்ளைகளுக்கும் சொல்லாமல் இத்தனை ஆண்டும் வாயடைத்து இருந்திருக்கிறார்கள். அந்த முகத்தை மண்ணில் செய்து அவர்கள் நீர் மொள்ளும் இடத்தில் நாங்கள் நிறுத்தினோம். தலை குனிந்தார்கள். அதை வணக்கம் என்று எழுதினோம்.

வெயிலான் அடிக்க மறுத்ததும் இதனால்தான். பானையைக் கயிற்றில் முடிச்சிட்ட கை அவனுடையது. அந்தக் கையால் அவர் சிலைக்கு விழாப்பறை அடிக்க அவனால் முடியவில்லை. ஏன் என்று சொல்லித் தெருவைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. நாடு கடந்து போவதே மேல் என்று இருந்துவிட்டான்.

இதை எவரிடமும் சொல்லக் கூடாது என்றே பேச்சி முதலில் அடியேனிடம் சத்தியம் வாங்கினாள். படி இறங்கியபின் அழைத்து நிறுத்தி, அதைப் பாதி திருப்பிக் கொடுத்தாள். “அவரு அக்காகிட்ட மட்டும் சொல்லுங்க. கூடப் பொறந்தவங்களுக்குத் தெரியணுமில்ல” என்றாள். அவள் இசைவு இல்லாமல் இவ்வோலையில் ஓர் எழுத்தும் இல்லை. மன்றத்தாருக்கும் தண்டத்தலைவருக்கும் இதில் ஒன்றும் தெரியாது.

தேவியாரின் துயரத்தை அடியேன் அறிவேன் என்று சொல்லத் துணியேன். சினம் வந்தால் அது நியாயமான சினமே. ஆனால் தங்கள் தம்பியார் எவருக்காக அந்தக் கயிற்றை இழுத்தாரோ, அவர்கள்மேல் அச்சினம் இறங்கினால், அவர் இறக்கிய கஞ்சி வீணாகிவிடும். இறைவன் பெரிய கோயில்களில் மட்டும் தங்குவதில்லை என்று அடியேன் நம்பி வாழ்ந்தவன். ஒரு பானையும் பழங்கயிறும் போதும் அவனுக்கு. இந்த நகரம் கதவால் பிழைத்தது என்று இதுவரை சொல்லிவந்தோம். கதவு உள்ளே இருந்தவர்களை மட்டுமே காத்தது.

ஆகவே அடியேன் வேண்டுவன இவை. மன்றம் எழுதிய ‘தகும்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற அனுமதி தர வேண்டும். சிற்பி கல்லில் முகத்தை முடித்துவிட்டார். கைகளை இன்னும் தொடவில்லை. அவை எதைப் பற்றியிருக்க வேண்டும் என்பதைத் தாங்களும் கீழ்த்துறையும் சேர்ந்து சொல்லும்வரை உளியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஒருவேளை எதையும் பற்றாத வெறுங்கைகளே போதும் என்று முடிவாகலாம். சிலையே வேண்டாம் என்று ஆனாலும் ஆகட்டும். அந்தப் பெண்கள் பழையபடி உரக்கப் பேசிக்கொண்டு நீர் மொண்டால் அடியேனுக்கு அது விழாவாகிவிடும்.

மற்றொன்று, தங்கள் அனுமதிக்குக் காத்திராமல் செய்துவிட்ட செயல். பொதுப்பணி ஒன்று முடியுமட்டும் அதற்கு வேண்டிய ஆள் எவரையும் நகரிலிருந்து அகற்றவோ அடைத்து வைக்கவோ கூடாது என்று மன்றத்துக்குப் பழைய உரிமை ஒன்று உண்டு. எவரும் பயன்படுத்தி அடியேன் பார்த்ததில்லை. அதைக் கொண்டு சிறைக்காவலனுக்கு இவ்வாறு ஆணை எழுதினேன்:

‘முகில்துறைச் சிறைக்காவலன் காண்க. பறைத்தலைவன் வெயிலான் கலைமன்றப் பணிக்கு வேண்டியவன். கோப்பெருந்தேவியாரின் மறுமொழி வரும்வரை அவனை விடுவிக்க. அவன் பறைக்கோ அவன் வீட்டாருக்கோ ஒரு கீறலும் நேராமல் காக்க. இதில் தவறு காணப்படின் விடங்கன் ஒருவனே அதற்கு விடை சொல்வான்.’

மழவராயர் இதைப் படித்துவிட்டு, காத்திருக்கத் தமக்கு ஆயுள் இருக்கிறது என்றும், அடியேனின் கழுத்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். வாசலில் குதிரைக் குளம்பொலி கேட்கும்போதெல்லாம் அடியேன் எழுந்துபோய்க் கதவிடுக்கில் பார்க்கிறேன். வீட்டுத் தெய்வத்தின் முன் அமர்ந்தால் மந்திரம் பாதியில் மறந்துபோகிறது. ஆயினும் அந்தச் சிறுமி நேற்று தந்தையின் தோளில் ஏறிக்கொண்டு படித்துறையைக் கடந்தாள்.

தேவியாரின் ஆயுள் நீள்க. தங்கள் கோபம் மேகம்போல் வந்து மழையாக முடிக. தங்கள் தம்பியாரின் பெயர் உண்ணும் வாய்களில் நிலைக்க. எழுதியவன் விடங்கன். எழுதிய இடம் முகில்துறைக் கலைமன்றம். தூரிகையும் தாமரையும் பொறித்த மன்ற முத்திரை இங்கே இடப்பட்டது. ஓலை கொண்டு வருபவனுக்கு வழியில் உள்ள சுங்கச்சாவடியார் நீரும் இடமும் தந்து, தடை செய்யாமல் விடுக.

முத்திரை இட்டபின் சேர்த்தது:

விடுதலையானபோது வெயிலான் அடியேனிடம் ஒன்றே ஒன்று கேட்டான். மறுநாள் விடியலில், கதிர் எழும்வரை, படித்துறையில் மன்றத்தாரோ காவலரோ எவரும் இருக்கக் கூடாது என்றான். காரணம் கேட்கவில்லை. எல்லோரையும் விலக்கினேன். அடியேனும் போகவில்லை.

கொள்ளைக் காய்ச்சலில் இறந்தவருக்குப் பறை கிடையாது என்ற ஆணையால், இளவரசர் பறையொலி இல்லாமலே சுடலைக்குப் போனது தங்களுக்கு நினைவிருக்கும். தெருவின் தலைவன் அடித்து வழியனுப்பாதவர் பாதி வழியில் நிற்பார் என்று கீழ்த்துறையார் நம்புகிறார்கள்.

கதிர் எழுந்தபின் போய்ப் பார்த்தேன். மண்ணுருவைச் சுற்றி ஈரமணலில் ஒற்றை மனிதனின் காலடிகள் வட்டமாகப் பதிந்திருந்தன. இறந்தவரைச் சுற்றி அடிப்பவர்கள் வைக்கும் அடிகள் அவை. விரல்களால் மட்டும் மெல்ல அடித்திருக்க வேண்டும். மதில்மேல் இருந்த எவர் காதிலும் விழவில்லை. தோல் இறுகப் பறையைக் காய்ச்சிய வைக்கோலின் சாம்பல் ஓரத்தில் இன்னும் சூடாக இருந்தது.

காலடிகளைத் துண்டால் துடைத்து அழித்தேன். சாம்பலை இரு கைகளாலும் அள்ளி ஆற்றில் விட்டேன்.