ராணி தின்னாத நாலாம் நாள்

வியாழன் இரவு

முதுகு விட்டுப்போயிற்று. மீன்காட்சியகத்தில் பிராணிகளுக்கு மீன் வெட்டுகிறவன் நான். ஒரு நாள் நான் போகாவிட்டால் அங்கே எல்லாம் பட்டினிதான். கடலில் வலைகளில் சிக்கிக் காயப்பட்டதால் மீட்டுக் கொண்டுவந்த கடற்சிங்கங்கள் மூன்று இருக்கின்றன. அதில் கண் தெரியாத கிழவியை நான் ராணி என்பேன். நாலு நாளாக அவள் ஒன்றும் தின்னவில்லை.

"என்ர கையால குடுத்தா கல்லும் தின்னுவாள்" என்று நான் சொல்லித் திரிந்தது மிருக வைத்தியரின் காதுக்கும் போயிருக்கிறது. இன்று மீன் வாளியை என்னிடமே தந்துவிட்டார். நாளைக்கும் தின்னாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவார்களாம்.

ஈரத் தரையில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்து அவளோடு கதைத்தேன். கண்ணாடி துடைக்கிற யோகன் வந்து நின்றான்.

"அண்ணை, கதையைக் குறைச்சுப்போட்டு மீனைக் குடுங்கோ."

"பொறடா. அவளுக்கு என்ர குரல் கேக்கவேணும்."

"நாலு நாளா உங்கட குரலைத்தானே கேக்கிறாள். அதிலதான் பசி போச்சுதோ தெரியேல்லை."

ராணி மீனை மோந்து பார்த்தாள். பிறகு என் சப்பாத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டாள்.

வீட்டில் மனைவி "திண்டவளோ?" என்றதும், "ரெண்டு வாளி" என்று வாய் சொல்லிவிட்டது. அவள் உடனே கிங்ஸ்பரியில் இருக்கும் தங்கைக்குப் போன் எடுத்துவிட்டாள். சனிக்கிழமை குடும்பமாக ராணியைப் பார்க்க வருகிறார்களாம்.

விடிய ஐந்து மணிக்கே போகவேண்டும். முள் எடுத்து, விரல் அளவாக வெட்டிக் கொடுத்துப் பார்க்கிறேன். ராணி ஒரு துண்டு தின்றால் போதும். மிச்சத்தை நான் கதையில் தின்னவைத்துவிடுவேன்.