கோல் கம்பத்துக்குப் பின்னால் இருவர்

2024 ஆகஸ்ட் 3, சனி

பூஜ்யத்துக்கு ஒன்பது. போன வருடம் இதே அணியிடம் எட்டு வாங்கினோம். ஒரு வருடப் பயிற்சியில் ஒரு கோல் கூடுதலாக வாங்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

பிரின்ஸி வீட்டுக்கு வந்து கையுறையை வாளியில் ஊறப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். சாப்பிடவில்லை. கோல்கீப்பரின் தலையெழுத்து இது. முன்னால் பத்துப் பேர் செய்கிற தப்பெல்லாம் அவள் காலடியில் வந்துதான் நிற்கும்.

"ரயில்வே டிக்கெட் கவுன்ட்டர்ல ஷிஃப்ட மாத்திக்கிட்டுப் போயி இதையா பாத்துட்டு வர்றீங்க?" என்றாள் விண்ணரசி. என் மனைவிக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. மகள் அழுவது பிடிக்காது என்பதுதான் சரி.

பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். பிரின்ஸி சேர்ந்து மூன்றாவது வருடம். இந்தப் பெண்கள் கல்லூரி அணி இதுவரை ஒரு ஆட்டம் ஜெயித்ததில்லை. ஒரு கோல் போட்டதில்லை. பார்க்க வருகிறவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். இன்னொருவர் தங்கையன். முன்வரிசையில் ஆடும் எழில்மொழியின் அப்பா. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வயல் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறார். மகள் இங்கே தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் கீழே உட்காருவோம்.

ஆறாவது கோல் விழுந்தபோது தங்கையன் சொன்னார்: "நம்ம ரெண்டு பேருக்கும் இதுதான் சார் சினிமா. என்னா, எப்பப் பாத்தாலும் அழுகப் படமா ஓட்டுறாய்ங்க."

சிரித்தேன். ஏழாவது விழுந்தது.

ஆகஸ்ட் 10

பிரின்ஸி என்னிடம் பேசிவிட்டாள். இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"அப்பா, இனிமே வராதீங்க. வந்தா கத்தாதீங்க. 'ரைட்ல வா, லெஃப்ட்ல போ'ன்னு பின்னாடியிருந்து கத்துறீங்க. பந்து எங்க இருக்குன்னு பாக்குறதா, உங்க குரலக் கேக்குறதா?"

"உனக்கு உதவியா இருக்கும்னுதாம்மா…"

"ஒம்போது கோல் வாங்குறேன்ப்பா. இதுல என்ன உதவி?"

நான் பந்தைத் தொட்டதே இல்லை. டிவியில் பார்த்ததை வைத்துக் கத்துகிறேன்.

வருவேன். கத்தமாட்டேன்.

ஆகஸ்ட் 20

புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்திருக்கிறார். ஹலீமா. நாகப்பட்டினத்துப் பெண். மாவட்ட அணிக்கு ஆடியவராம். தற்காலிக நியமனம்தான். முதல் நாளே பிள்ளைகளைப் பந்தைத் தொடவிடாமல் ஓடவிட்டிருக்கிறார். எல்லாரும் வாந்தி எடுத்தார்களாம். சொல்லும்போது பிரின்ஸி முகத்தில் ஒரு வெளிச்சம்! வாந்தி எடுத்ததற்கு இவ்வளவு சந்தோஷமா?

செப்டம்பர் 7, சனி

பூஜ்யத்துக்கு மூன்று.

மூன்றுதான்! அதே அணி! ஹலீமா, பிரின்ஸியைக் கோட்டிலேயே நிற்காமல் முன்னால் ஏறி வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை எதிரி ஆட்டக்காரியின் காலில் போய் விழுந்தே பந்தைப் பிடித்தாள். கத்தவில்லை. தங்கையன் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய துண்டு. அவர் கேட்கவுமில்லை.

திரும்பும்போது டீக்கடையில் சொன்னார்: "எங்க பக்கம் வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு சார். நாத்து விட்டாச்சு. புள்ளையும் ஓட ஆரம்பிச்சிருச்சு. இந்த வருஷம் எல்லாம் ஒண்ணுகூடி வருது."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜனவரி மண்டலப் போட்டியில் ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும். ஒன்றே ஒன்று.

அக்டோபர் 18

ஹலீமா போகிறார்.

தருமபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை. பிரின்ஸியை விடப் போனபோது கல்லூரி வாசலில் பார்த்தேன். "மன்னிச்சுருங்க சார். அத்தா இல்ல, வீட்டுல நான்தான். இங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஆர்டர் போடுவாங்களா மாட்டாங்களான்னு உக்காந்திருக்கணும்" என்றார். அவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். பிரின்ஸி இருந்தாலும் போகத்தான் சொல்லுவேன்.

யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருக்கிறது. ஆள் அகப்படவில்லை.

நவம்பர் 9

பயிற்சிக்கு ஆறு பேர் வந்தார்களாம். கேப்டன் பெண்ணுக்கு வேலைத் தேர்வு. இரண்டு பேர் வீட்டில் 'யாரும் சொல்லித்தர இல்லாம எதுக்கு ஓடிக்கிட்டிருக்க' என்று நிறுத்திவிட்டார்கள். எழில்மொழிதான் மற்றவர்களைக் கூப்பிட்டு ஓடவிடுகிறாளாம்.

நவம்பர் 28

மழை. நான்கு நாளாக விடவில்லை. மைதானம் குளம். தங்கையனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் திருவாரூர் பஸ் ஏறிப் போனேன். போயிருக்க வேண்டியதில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ஒரே தண்ணீர். தங்கையன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வடிகாலில் அடைத்த ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுதத் தெரியவில்லை.

ஒரு பயிரைப் பிடுங்கிக் காட்டினார். வேர் கறுத்து, அழுகின முட்டை வாடை.

"ரெண்டு நாள்ல வடிஞ்சிருந்தாக்கூடப் பொழைச்சிருக்கும் சார். வடியாது. கடல்லயும் தண்ணி ஏறி நிக்குது, எங்கிட்டுப் போயி வடியும்?"

மழைக்கு விடுதியிலிருந்து வந்திருந்த எழில்மொழியும் தண்ணீரில்தான் நின்றாள். அப்பா வாருவதை வாங்கி வாங்கிக் கரையில் எறிந்தாள். "பிராக்டிஸ் நடக்குதாப்பா?" என்று என்னிடம் கேட்டாள். அவள் என்னையும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். நடக்கிறது என்று பொய் சொன்னேன்.

2025 ஜனவரி 4

எழில்மொழிக்குக் கல்யாணம். தை கடைசியில். மாப்பிள்ளை சொந்தத்தில், திருப்பூரில் வேலை. தங்கையன்தான் போனில் சொன்னார்.

"அவங்களாத்தான் கேட்டு வந்தாங்க சார். எதுவும் வேணாங்குறாங்க. இப்ப விட்டா அடுத்த வருஷம் நான் என்ன நெலமையில இருப்பேனோ."

"படிப்பு?"

"படிக்க வைக்கிறோங்குறாங்க."

பிரின்ஸியிடம் சொன்னேன். முதலிலேயே தெரியுமாம். "ஒரு வாரமா தெரியும்ப்பா. நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றாள். நான் தாங்கமாட்டேனாம்!

ஜனவரி 19, ஞாயிறு

மண்டலப் போட்டி சனிக்கிழமை நாகப்பட்டினத்தில். கையில் இருப்பது ஏழு பேர். அதில் ஒருத்தி இறகுப்பந்து ஆடுகிறவள். ஏழுக்குக் கீழே போனால் ஆட்டமே கிடையாது. இந்த வருடம் ஆடாமல் விட்டுக்கொடுத்தால் அணியையே கலைத்துவிடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

அதனால் போனேன். கல்யாண வீட்டுக்குப் போய், பெண்ணை விளையாட அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது?

தங்கையன் தலையைக் குனிந்துகொண்டார். பேசியது அவர் மனைவி கண்ணாத்தாள்.

"நீங்க நல்லவங்கதான், வேணாங்கல. பத்திரிகை வச்சாச்சு. அங்க போயி காலு கையி ஒடஞ்சா மாப்ள வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா வந்து சொல்லுவீங்க?"

"அம்மா, ஒரே ஒரு ஆட்டம்…"

"ஒங்களுக்கு ஆட்டம் சார். எனக்கு புள்ள."

எழில்மொழி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையே. ஒங்களுக்கு ஆட்டம். பிரின்ஸிக்காகக் கேட்டேனா? அணிக்காகவா? இல்லை, சனிக்கிழமைகளில் உட்கார எனக்கு ஒரு இடம் வேண்டும் என்பதற்காகவா?

ஜனவரி 25, சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலையில் ஏழு பேரோடு நின்றுகொண்டிருந்தோம். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்போது மைதான வாசலில் தங்கையன். பின்னால் எழில்மொழி, தோளில் பை.

"அவ அம்மாதான் சார் போகச் சொன்னா. ராத்திரி பூரா புள்ள சாப்புடல. விடிஞ்சதும் 'கூட்டிக்கிட்டுப் போயித் தொலைங்க, காலு பத்திரம்'னுட்டா." சொல்லிக்கொண்டே மடியிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்த இடத்தில், ஆட்டம் தொடங்குகிற நேரத்தில்! இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

எட்டுப் பேர். எதிரில் பதினொன்று, வெளியே மாற்று ஆட்கள் வேறு.

முதல் பாதியில் பந்து எங்கள் பக்கமேதான். பிரின்ஸி விழுந்து எழுந்து விழுந்து எழுந்து… ஒரு பந்தை முகத்தால் தடுத்தாள். உதடு கிழிந்து ரத்தம். துப்பிவிட்டு நின்றாள். பிறகு பந்தைக் கையில் வாங்கி ஓங்கி ஒரு உதை. அது நடுக்கோடு தாண்டிப் போய் விழுந்தது. அங்கே எழில்மொழி ஒருத்திதான். ஓடினாள். ஒரு பெண்ணைத் தாண்டினாள். இன்னொருத்தி தோளால் இடித்தாள், விழவில்லை. அடித்தாள்.

வலைக்குள்!

யாருக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. கோல் போட்டால் எப்படிக் கொண்டாடுவது என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. எழில்மொழி அப்படியே நின்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போல நடுவரைப் பார்த்துக்கொண்டு. அவர் விசில் ஊதிக் கையை நடுக்கோட்டுப் பக்கம் நீட்டிய பிறகுதான் எல்லாரும் ஓடிப்போய் அவள் மேல் விழுந்தார்கள். தங்கையன் "கால்ல விழாதீங்க, கால்ல விழாதீங்க" என்று கத்தினார். நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

இடைவேளையில் ஒன்றுக்குப் பூஜ்யம். நாங்கள் முன்னால்.

பிறகு என்ன எழுத? எட்டுப் பேர் எவ்வளவு நேரம் ஓடுவார்கள்? இறகுப்பந்துப் பெண்ணுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஏழு. முதல் கோல் வாங்கினோம். அடுத்து இரண்டாவது. கடைசியில் மட்டும் மூன்று. ஒன்றுக்கு ஐந்து.

திரும்பும்போது பிரின்ஸி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வீங்கின உதட்டோடு கேட்டாள்: "ஏம்ப்பா கத்தவே இல்ல?"

"நீதானம்மா கத்தாதீங்கன்ன."

"அது அப்ப." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கடைசி பத்து நிமிஷம் யாராவது கத்தமாட்டாங்களான்னு இருந்துச்சு."

ஜனவரி 26

வேலைக்குப் போனேன். வந்தேன்.

பிப்ரவரி 10

எழில்மொழி கல்யாணம். அணி முழுவதும் வந்திருந்தது, எல்லாரும் பட்டுச்சேலையில். எனக்கு யார் யாரென்றே அடையாளம் தெரியவில்லை. மேடையில் எழில்மொழி நன்றாகத்தான் சிரித்தாள். மாப்பிள்ளை அமைதியான பையன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம், "நீங்க பொண்ணுக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டார். நான் முழித்தேன். தங்கையன் வந்து என் தோளைப் பிடித்தார்.

"நம்ம ஜோசப்ராஜ் சாரு. நானும் அவரும் ஒண்ணா மேட்ச் பாக்குறவங்க."

பெரியவருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 12

கல்லூரி முதல்வரைப் பார்க்க மூன்றாவது முறை போனேன். இன்று உள்ளே விட்டார்கள். மைதானத்தில் புதுக் கட்டடம் வருகிறது. ஆய்வகமும் வகுப்பறைகளும். கால்பந்து அணி 'இப்போதைக்கு' இல்லை.

"விட்டுக்குடுக்காம ஆடுனா அணி இருக்கும்னு சொன்னீங்களேம்மா. ஆடிட்டாங்க. கோல்கூடப் போட்டாங்க."

அந்த அம்மா மோசமானவர் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "சார், நீங்க ஒருத்தர்தான் கிரவுண்டு கேட்டு வர்றீங்க. லேப் இல்லையேன்னு கேட்டு தினம் பத்து அப்பா வர்றாங்க. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 13

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மார்ச் 15

சொன்னேன். "சரிப்பா" என்றாள் பிரின்ஸி. அவ்வளவுதான். விண்ணரசிதான் அடுப்படியில் போய் நின்று மூக்கைச் சிந்தினாள். அவளுக்குப் பிடிக்காத விளையாட்டுக்கு.

ஏப்ரல் 26, சனி

தங்கையன் தஞ்சாவூருக்கு உரம் வாங்க வந்தவர் என்னைப் பார்க்க ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தார். டீ குடித்தோம். எழில்மொழி படிப்பு நின்றுவிட்டதாம். திருப்பூரில் அவளும் வேலைக்குப் போகிறாளாம். "நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுது சார். போன்ல அதுக்கு மேல என்னத்த கேக்குறது?"

மைதானத்துப் பக்கம் போகலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அங்கே அஸ்திவாரக் குழி தோண்டியாயிற்று என்று இருவருக்கும் தெரியும்.

ஜூன் 15, ஞாயிறு

பிரின்ஸிக்குத் திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. நாளைக்கு யாரோ பெரிய ஆட்கள் வருகிறார்களாம், நன்றாக உடுத்தி வரச் சொன்னார்களாம்.

மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கையுறைக்குள் மடங்கி ஒடியும் என்று மூன்று வருடமும் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவாள். விரல் நுனியெல்லாம் எப்போதும் காய்த்துக் கிடக்கும். இப்போது பத்து விரலிலும் நீளமாக, அழகாக வளர்ந்திருக்கிறது. எப்போது வளர்ந்தது? நான் கவனிக்கவே இல்லை.

ஈரம் காய இரண்டு கையையும் விரித்து நீட்டிக்கொண்டு கேட்டாள்: "நல்லாருக்காப்பா?"

"நல்லாருக்கும்மா" என்றேன்.