சதுக்கத்துக்குப் போகிறேன்

வீட்டு மகாராணிக்கு,

நீ கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து நழுவுகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. முட்டை அவித்திருக்கிறேன், ஒன்று வெடித்த வெடியில் கூரையே பறந்திருக்கும், ஏதோ பிழைத்தது.

நேற்று தொலைக்காட்சியில் உன் புது ஜனாதிபதி, தன்னை எதிர்த்துச் சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அடித்து விரட்டச் சொன்னார். நீ, "நாலு போட்டாத்தான் அடங்குவாங்க" என்று கைதட்டினாய். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிய சத்தம் அவர் மாளிகைக்கே கேட்டிருக்கும்.

விடிந்ததும் நம் போலீஸ்காரப் பிள்ளை போன் பண்ணினான். "அப்பா, எங்களத்தான் முன்வரிசையில நிறுத்துறாங்க. அடிக்கலைன்னா என்னையே உள்ள போட்டுருவாங்க. கை வரலப்பா" என்று அழுதான். உனக்குச் சொல்ல வேண்டாமாம்.

போய் அவன் முன்னால் நிற்கப் போகிறேன். அடித்தே தீரவேண்டுமென்றால் என்னை அடிக்கட்டும். ஊரான் பிள்ளையை அடித்த பாவம் அவனுக்கு வேண்டாம். என் மண்டையைத்தான் உனக்குத் தெரியுமே, தடி உடைந்துவிடும்.

பாலைக் காய்ச்சிவிடு.

பி.கு: காய்ச்ச வேண்டாம், பால் கெட்டால் கெடட்டும். நீயும் வா. உன் கட்சியை விட வேண்டாம், கூடத்தில் மாட்டிய ஜனாதிபதி படத்தையும் கழற்ற வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வா.

இன்னொன்று: தலைக்கவசம் மாட்டிவிட்டால் போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் ஒரே அச்சு. நம் பிள்ளை நிற்கிற நிலையைப் பார்த்தே அவனை நீ கண்டுபிடிப்பாய். எனக்கு அது தெரியாது. நீ வரும்வரை யாரோ பெற்ற பிள்ளை முன்னால்தான் நின்றுகொண்டிருப்பேன்.