அக்காவுக்குப் படித்துச் சொன்ன படம்

மார்கழி 14, ஞாயிறு. இரவு.

மைதானத்துக் கூடாரத்தில் பயாஸ்கோப் பார்க்க இன்று அக்காவை அழைத்துப்போனேன். ஊரிலிருந்து வந்த ஒரு மாதத்தில் அவள் வாசல் தாண்டியதில்லை. நேற்று முதல் அவளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும்போல் இருந்தது.

பேசாத சிரிப்புப் படம்தான். மீனவக் குப்பத்தில் ஒருத்தி, படகு உள்ளவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். அவள்மேல் பித்தான ஒருவன், விதவையான தன் அக்காவின் படகுக்குக் குறிவைக்கிறான். அக்காவுக்குக் கால் பிடிக்கிறான், மீனை முள் எடுத்து ஊட்டுகிறான். கூடாரமே சிரித்தது. நானும் சிரித்தேன். திரையில் வந்த இங்கிலீஷ் வரிகளை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

படகு கைக்கு வந்ததும் அவன் அக்காவைத் துரத்திவிட்டான். ‘இனி உனக்கு இங்கே இடமில்லை’ என்று எழுத்து வந்தது. நான், “எல்லாரும் சேர்ந்து சுகமா இருந்தாங்க” என்று படித்தேன். ஏன் அப்படிப் படித்தேன் என்று எனக்குத் தெரியும்.

வீடு வந்து சேர்ந்தோம். சோறு போடும்போதுதான் அக்கா கேட்டாள்.

“சேர்ந்து இருந்தாங்கன்னு படிச்சியே தம்பி, அவ தனியாத்தானே மணல்ல உக்காந்திருந்தா?”

“வேடிக்கைப் படந்தானேக்கா” என்றேன்.

“நேத்து ஊர்ல இருக்கற என் வீட்டுப் பத்திரத்தையும் நீதானே படிச்சுச் சொன்னே?”

இந்த நகரத்தின் பாலிகஞ்சு பகுதியில் மனை வாங்கும் ஆசையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. தலைகுனிந்து சோற்றைப் பிசைந்தேன். நெய் ஊற்ற வந்த அவள் கட்டைவிரலில் நேற்றைய மை இன்னும் போகவில்லை.