மாம்பழத்தை எதிர்க்காத தோழருக்கு

தலைவரே,

இன்று காலை கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது சாலையோரக் கடையில் ஒரு கூடை செந்தூரா மாம்பழம் வாங்கினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டதும் கார் முழுக்க அந்த வாசனை அடைத்துக்கொண்டது. சூளகிரி வருவதற்குள் நான் தனியாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். என்னவென்று மனைவி கேட்டாள். உன் கேட் மீட்டிங் என்றேன். அவளும் சிரித்துவிட்டு, நீ இருந்திருந்தால் இந்நேரம் பாதிக் கூடை காலியாகியிருக்கும் என்றாள். நீ எங்களை விட்டுப் போன புதிதில் உன்னைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் அழுகையில்தான் முடியும். இப்போது பெரும்பாலும் சிரிப்பில் முடிகிறது. உனக்கு அதுதான் பிடிக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது கேண்டீனில் என் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். காஸ்டிங் என்கிற வார்ப்படப் பாகங்களுக்குள் விரிசல் இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படமெடுப்பது என் வேலை. கம்பெனியில் அந்த இடத்துக்கு எக்ஸ்ரே ரூம் என்று பெயர். என் சட்டையில் குத்தியிருந்த கதிர் அளக்கும் பேட்ஜைப் பார்த்தாலே ஆட்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீ மட்டும் நேராக வந்து எதிரில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தாய். "அண்ணாச்சி, உனக்குக் கல்யாணம் ஆவலன்னா அது கதிர் குத்தமில்ல, மூஞ்சி குத்தம்" என்றாய். நம் சிநேகம் அந்த அப்பளத்தில் தொடங்கியது. உத்தனப்பள்ளிக்காரன், மெஷின் ஷாப் ஆள், சங்கச் செயலாளர். தமிழில் பேச ஆரம்பித்து, கன்னடத்தில் கோபப்பட்டு, தெலுங்கில் சமாதானமாகிறவன். ஊரே உன்னைத் தோழர் என்றது. நான் கிண்டலுக்குத் தலைவரே என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது.

டெல்லியில் அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அதே பேச்சோடு பேச்சாக நம் நாட்டு மாம்பழத்துக்கும் அமெரிக்கா கதவு திறக்கப்போகிறது என்று செய்தி வந்தது. பழத்துக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி கடல் தாண்டிவிடக் கூடாதாம், அதனால் மகாராஷ்டிரத்தில் வைத்துக் கதிர் பாய்ச்சி அனுப்ப வேண்டுமாம். நீ கொதித்துப்போனாய். நம் நாட்டு விஞ்ஞானிகள் எதை ஆராய வேண்டும், நாம் யாரோடு சேர வேண்டும் என்பதையெல்லாம் வெளியிலிருந்து ஒருவன் தீர்மானிப்பதா என்பது உன் கேள்வி. அந்தக் கேள்வியில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் உனக்குக் கேள்வி மட்டும் போதாது. முதல் ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் முன்னால் ஏறி நின்று, அணுகுண்டுச் சாமானுக்குக் கூலியாக மாம்பழம் கேட்கிறான், அந்தப் பழத்தையும் அணுவில் முக்கி எடுக்கிறான், தின்றவன் வயிற்றில் அது இருந்துகொண்டே இருக்கும் என்று முழங்கினாய். நல்ல கைதட்டல். எக்ஸ்ரே ரூமில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் பஸ் ஏறினார்கள். ராயக்கோட்டைப் பக்கம் தமிழில் போனது, பாகலூர்ப் பக்கம் கன்னடத்தில் போனது, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கில் போனது. போகப் போக மகாராஷ்டிரமும் அமெரிக்காவும் கழன்று விழுந்து, நம் மாவட்டத்துப் பழத்துக்கே கதிர் அடித்துவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. ஓசூர்ச் சந்தையில் பெண்கள் பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளை மாம்பழத்தின் பக்கமே விடவில்லை. வியாபாரிகள் தோப்புப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அதில் உன் மாமனார் தோப்பும் ஒன்று. வேப்பனப்பள்ளியில் அவர் அந்த வருஷ விளைச்சலை நம்பித்தான் கடைசி மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்.

உன் மனைவி உன்னை விட்டுவைக்கவில்லை, என் வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டார். தெலுங்கில் நன்றாகத் திட்டி முடித்துவிட்டு, எனக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு வந்தார். "டெல்லியில யாரு யாருகூட கையெழுத்து போட்டா இவருக்கு இன்னா? எங்கப்பா தோப்புல பழம் அழுவிக்கினு கெடக்குது." அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் லுங்கியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ என் எதிரில் உட்கார்ந்து, வழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டாய்.

"அண்ணாச்சி, கதிர் பட்டா பழத்துக்குள்ளயே தங்கிருமா?"

"டார்ச் அடிச்சா பழத்துக்குள்ள வெளிச்சம் தங்குமாவே? அணைச்சா போயிரும்லா. இதுவும் அப்படித்தான்."

கதிர் அடித்த பழத்தின் ருசி மாறுமா, சத்து குறையுமா என்று கேட்டாய். அது எனக்குத் தெரியாது, தங்காது என்பது மட்டும் நிச்சயம் என்றேன். நீயும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாய். பிறகு, எக்ஸ்ரே ரூமிலிருந்து வரும் காஸ்டிங்கை மறுநாள் நாங்கள்தானே கையால் தூக்குகிறோம் என்றாய். ஆமாம் என்றேன். வருஷக்கணக்காகத் தூக்குகிறோமே என்றாய். ஆமாம் என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சங்கத்தின் மேல் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது போய்த் திருத்தினால் ஒப்பந்த எதிர்ப்பே நமுத்துப்போகும், வேண்டுமானால் தோப்புக்காரர்களிடம் தனியாகப் போய்ச் சொல் என்றார்கள். சங்கத் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. நானே கூட, பேசாமல் இருந்துவிடேன் என்றேன். நீ கேட்கவில்லை. "எந்த மைக்குல சொன்னனோ அந்த மைக்குலயே சொல்லணும் அண்ணாச்சி. காதுல போயி சொன்னா அது காதோட நின்னுரும்."

மறுநாள் ஷிப்ட் விடும் நேரம். நீ அழுக்குச் சட்டையோடே மேடையேறினாய். ஒரு பக்கம் உன் மாமனார் அனுப்பிய மாம்பழக் கூடை, மறு பக்கம் ஒரு காஸ்டிங். நான் சொன்னது தப்பு என்று சுற்றி வளைக்காமல் தொடங்கினாய். அப்படி ஒரு வாசகத்தை அந்த மைக் அதுவரை கேட்டதில்லை. இந்தக் காஸ்டிங்கை எக்ஸ்ரே ரூமிலிருந்து தள்ளிவந்தது யார் என்று கேட்டாய். கை தூக்கிய இருவரை மேலே ஏற்றி, விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எல்லாருக்கும் காட்டச் சொன்னாய். அங்கேயே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டாய். நான் கதிர் அளக்கும் மீட்டரோடு போய் அதைப் போட்டேன். அது டிக், டிக் என்றது. முன்வரிசை அப்படியே பின்னால் நகர்ந்தது. சும்மா காற்றில் பிடித்தாலும் அது அவ்வப்போது சத்தம் போடும் என்பதை முன்னாலேயே சொல்ல எனக்குத் தோன்றவில்லை. உன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் அவசரமாக வெறும் காற்றில் காட்டினேன், காஸ்டிங்கில் காட்டினேன், பழத்தில் காட்டினேன், உன் வழுக்கையில் காட்டினேன். எல்லாவற்றுக்கும் அதே டிக். கடைசியில், நம் ஊர்க் கிரானைட்டில் செய்த கேட் தூணில் கொண்டுபோய் வைத்தேன். அது மட்டும் கொஞ்சம் வேகமாக டிக்கியது. நீங்கள் தினமும் சாய்ந்து பீடி குடிக்கும் தூணில்தான் பழத்தைவிடக் கூடுதலாகக் கதிர் இருக்கிறது, அதுவும் ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன். கேட் செக்யூரிட்டி தூணிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டார். நீ உடனே போய் அதே தூணில் சாய்ந்து, அடுத்து தூணைப் பற்றி ஒரு வதந்தி கிளப்பிவிடாதீர்கள் என்றாய்.

பின்னாலிருந்து ஒருவர், அப்படியானால் தோழர் ஒப்பந்தத்துக்கு ஆதரவா என்று குரல் கொடுத்தார். நீ ஒரு செந்தூராவை எடுத்துத் தோலோடு கடித்தாய். சாறு முழங்கை வரை வழிந்தது.

"ஒப்பந்தத்த எதிர்க்கிறேன். நாளைக்கும் எதிர்ப்பேன். மாம்பழத்த எதிர்க்கல."

கூடை அந்த இடத்திலேயே காலியானது. செக்யூரிட்டி இரண்டு எடுத்தார். அதே பஸ்கள், அதே மூன்று மொழிகள். இம்முறை போன கதையில் உன் வழுக்கைதான் முக்கியப் பாத்திரம் என்று பாகலூரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். மறுவாரமே தோப்புக்கு வியாபாரிகள் வந்தார்கள், குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. பந்தியில் உனக்கு மட்டும் இலை ஓரத்தில் மலைபோல மாம்பழத் துண்டுகளை வைத்துவிட்டு, நீ தின்று முடிக்கும்வரை உன் மாமனார் எதிரிலேயே நின்றார். சங்கத் தேர்தலில் நீ தோற்றாய். அன்று மாலை எனக்குத்தான் மனசு விட்டுப்போனது. நீ, ஜெயித்தவன் நல்ல பையன் என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

தலைவரே, நான் மேடை ஏறுகிறவன் இல்லை. உனக்குத் தெரியும். ஆனால் கொரோனா வந்தபோது நீ இல்லை. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர், தடுப்பூசி டெல்லியில் ஆளும் கட்சி கொண்டுவந்தது என்று ஒதுங்கி நின்றார்கள். நானோ அந்த ஆட்சியைக் காலையும் மாலையும் திட்டுகிறவன். அதனாலேயே என்னை நம்பி, அண்ணாச்சியே போடமாட்டார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது காதில் விழுந்ததும் பிள்ளையார் கோயில் மைக்கை வாங்கி, நான் நாளைக் காலை ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன், யார் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

மறுநாள் காலை கீழ்வீட்டுக்காரர் வாசலில் காத்திருந்தார். தினமும் அரசாங்கத்தைத் திட்டுவீர்களே, இப்போது மட்டும் என்ன என்று கேட்டார். திட்டிக்கொண்டே போகலாம், வாருங்கள் என்றேன். எங்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து குடும்பங்கள் கிளம்பி வந்தன. வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வரும்வரை இருவரும் சேர்ந்து மனமாரத் திட்டினோம்.