மூன்று குடம் போதும் என்று சொன்னேன்

மொட்டைக்கரடு காலனி,
திருச்செங்கோடு வழி,
6-3-1988, ஞாயிறு

அன்புள்ள மகன் அர்த்தநாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தங்கை அத்தாயி, இரண்டு ஆடு, போன வாரம் ஈன்ற குட்டிகள் எல்லோரும் உடம்புக்குக் கேடில்லாமல் இருக்கிறோம். டெல்லியில் உனக்கும் ஒரு குறை வராமலிருக்க மலைமேல் இருக்கிற உன் பேர்க்காரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். அப்பா போர்க்கிணறு தோண்டுகிற ரிக் லாரியோடு அதிலாபாத் பக்கம் இருப்பதாகக் கார்டு போட்டிருந்தார், இருமல் விடவில்லையாம், கல்தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்று லாரிக்காரர்களே சொல்கிறார்களாம். நீ அனுப்பின ஸ்வெட்டர் அவருக்குப் பற்றவில்லை, அத்தாயி போட்டுக்கொள்கிறாள். நல்ல சேதி இத்தோடு முடிந்தது. இனிமேல் எழுதுவதைப் படித்து உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு உன்மேல் அதைவிடக் கோபம் இருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நம் காலனிக்கு வர வேண்டிய அடிபம்பு நீ வேலை பார்க்கிற ஆராய்ச்சி மையத்துப் புத்தகத்தால் நின்றுபோனது என்று நான் எழுதினேனே, அதற்கு நீ எழுதியிருக்கிற பதிலை நாலு முறை படித்தேன். புத்தகம் அச்சாகிவிட்டது, அதை வைத்துப் பெரிய மாநாடு நடக்கப்போகிறது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள், இப்போது போய் அதில் தப்பு இருக்கிறது என்றால் இயக்குநர் முகம் சுளிப்பார், ஏப்ரலில் உன் வேலை நிரந்தரமாகும், ஆன பிறகு பக்குவமாக எடுத்துச் சொல்கிறாயாம். இதுதானே சாமி நீ எழுதினது? ஏப்ரலில் எடுத்துச் சொன்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அடிபம்புக்கு ஒதுக்கின பணம் மார்ச் முப்பத்தொன்றோடு திரும்பிப் போய்விடும் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். இரண்டு வருஷம் சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடந்து, கலெக்டர் மனுநாளில் வெயிலில் நின்று வாங்கின உத்தரவு. வேப்பமரத்துக்குக் கிழக்கே சுண்ணாம்பில் வட்டம்கூடப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வட்டத்தில் இப்போது கோழி கிளறுகிறது.

எப்படி நின்றது என்பதை முழுசாகக் கேள், போன கடிதத்தில் பாதிதான் எழுதினேன், மீதியை எழுத வெட்கமாயிருந்தது. நீ தமிழில் அச்சடித்து அனுப்பின அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தை நான்தான் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பசுமை அரசியல் என்றும் நீடித்த வளர்ச்சி என்றும் அட்டையில் போட்டிருந்ததில் எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனால் முப்பத்திரண்டாம் பக்கத்தில் நம் ஊர்ப்பேர் இருந்தது, முன்பக்கத்தில் உன் பேர் இருந்தது. வீரபாகு வாத்தியார் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கினார். அவர் கையிலிருந்து அது பண்ணையக்காரர் சின்னுசாமி வீட்டுக்குப் போய்விட்டது. அந்த மனுஷன் அதை எடுத்துக்கொண்டு நேரே யூனியன் ஆபீசுக்குப் போயிருக்கிறார். நான் போய்க் கேட்டபோது ஆணையாளர் முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் போட்டார். இந்தக் கிராமத்தில் நிலத்தடி நீர் வேகமாக இறங்குகிறது, புதிய துளைகள் கூடாது, இங்குள்ள உழைக்கும் குடும்பங்கள் வீட்டுக்கு மூன்று குடம் என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள், உலகம் இவர்களிடம் கற்க வேண்டும். அப்படி எழுதியிருக்கிறது. ஏம்மா, டெல்லியிலே உம் பையன் ஆபீசே துளை போடாதேன்னு எழுதியிருக்குது, நான் போட்டா நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்களா இல்லையா என்றார் அவர்.

தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்களாம். அர்த்தநாரி, உனக்குத் தெரியாதா? ஊர்க் கிணற்றின் கயிற்றை நாம் தொடக்கூடாது. குடத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊர்க்காரர்கள் யாராவது மனசு வந்து சேந்தி, நம் குடத்தில் அவர்கள் வாளி படாமல் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். வீட்டுக்கு மூன்று குடம் என்றது அவர்கள், நாம் இல்லை. சித்திரையில் அது இரண்டாகும். பரீட்சைக்குப் போகிற அன்றும் நீ அந்தக் கல்லடியில் காத்திருந்துவிட்டுத்தான் போனாய். சின்னுசாமி தோட்டத்தில் மூன்று போர் இருக்கிறது, மூன்றாவது நானூறு அடி, அதற்கு ராடு மாட்டினதே உன் அப்பாதான், அந்த மோட்டார் கரும்புக்கு இராப்பகலாக ஓடுகிறது. அதைப் பற்றி உங்கள் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. நிலத்தடி நீர் இறங்குகிறது என்பது நிஜம், நான் இல்லை என்று சொல்லவில்லை. இறக்கினது யார் என்று எழுதத்தான் உங்களுக்குப் பேனா இல்லை. எங்கள் காலனிக்கு ஒரே ஒரு கைப்பம்பு வந்தால் பூமி வறண்டுபோய்விடுமா?

உன்னை மட்டும் குற்றம் சொன்னால் நான் யோக்கியமில்லை. போன வருஷம் தையில் நீ அந்தப் புத்தகத்துக்காக வெள்ளைக்கார அம்மாவையும் டெல்லிக்காரரையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாயே, அந்த அம்மா உன்னை ஆர்தர் ஆர்தர் என்று கூப்பிட, காலனிப் பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களே, அன்றைக்கு அவள் கேட்டாள், நீ தமிழில் திருப்பிச் சொன்னாய், ஏன் மூன்று குடம் என்று. சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். எங்களுக்கு அது போதுமுங்க, தண்ணியை அளவாத்தானுங்க பொழங்கோணும் என்று சொன்னேன். என் வாயாலேதான் சொன்னேன். பயத்தில் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய். பயம் பாதிதான். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சின்னுசாமி தன் வீட்டு வாசலில் உனக்கு ஒரு இரும்பு நாற்காலி போடச்சொல்லி, உக்காரு தம்பி என்றார். நம் சனத்தில் யாரும் அந்த வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட பேண்ட்டும் சட்டையுமாக நீ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததைத் தெருமுனையிலிருந்து பார்த்தேன், நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நாற்காலியை உன்னிடமிருந்து பிடுங்கிவிடக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன். நான் சொன்னதும் நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாய். அந்த அம்மா கையைக் கூப்பினாள். பொய் சொன்னது நான், அது பொய் என்று தெரிந்தே எடுத்துப்போனது நீ.

போன மாதம் பதினெட்டாம் தேதி கிணற்றடியில் சின்னுசாமி சம்சாரம் சென்னியம்மாள் எனக்கு இரண்டரைக் குடம் ஊற்றிவிட்டு நிறுத்தினாள். இன்னும் அரைக்கொடமுங்க என்றேன். ஏம்புள்ள அங்கம்மா, அளவாப் பொழங்கறவங்கன்னு உம்பட பையன் புஸ்தகமே போட்டுட்டானாமா, அளவா இருந்து காட்டு பாக்கலாம் என்று சொல்லிச் சிரித்தாள். கூட நின்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள். அது பொய்யிங்க, நான் சொன்ன பொய்யி என்று சொல்லிவிட்டுக் கல்லைத் தாண்டிப் போய்க் கயிற்றைப் பிடித்து ஒரு வாளி சேந்தி என் குடத்தில் ஊற்றிக்கொண்டேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் போனால் பழைய கயிற்றை அறுத்துக் கல்லின்மேல் போட்டுவிட்டுப் புதுக் கயிறு கட்டியிருந்தார்கள். காலனிக் குடத்துக்கு ஒரு சொட்டு ஊற்றவில்லை. இன்றோடு பதினேழு நாள். கரட்டுக்கு அந்தப் பக்கம் கல் உடைக்கிற குழியில் தேங்கின பச்சைத் தண்ணீரைத்தான் வேட்டியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். போக ஒரு மைல், வர ஒரு மைல். அத்தாயி பள்ளிக்கூடம் போகவில்லை. ஒன்பதாவது முழுப்பரீட்சை ஏப்ரலில் வருகிறது, உன் வேலை நிரந்தரமாகிற அதே ஏப்ரல். காலனியில் பாதிப்பேர் என்னைத் திட்டுகிறார்கள். நீ சும்மா இருந்திருந்தா மூணு குடமாச்சும் கெடச்சிருக்குமக்கா என்று ரங்கன் முகத்துக்கு நேரே கேட்டான். அவன் சின்னுசாமி தோட்டத்தில் வேலை செய்கிறவன், அவன் பெண்டாட்டிக்கு மாசம் எட்டு.

உன்னிடம் ஒன்று இத்தனை நாள் மறைத்துவிட்டேன். அன்றைக்குச் சின்னுசாமி வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது, உனக்கு மட்டும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். உனக்குத் தனி மரியாதை என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இளநீருக்கு டம்ளர் வேண்டாம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் காரேறிப் போனதும் நீ மறந்துவைத்த பேனாவை எடுக்க அந்தத் தெருவுக்குத் திரும்பப் போனேன். நீ உட்கார்ந்த நாற்காலியைச் சென்னியம்மாள் மாட்டுத்தொட்டியடியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நின்று எண்ணினேன். நான்கு குடம். நம் வீட்டுக்கு மூன்று, நீ உட்கார்ந்த நாற்காலிக்கு நான்கு. உன் மனசு நோகுமே என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது நோகட்டும் என்றே சொல்கிறேன். டெல்லியில் உனக்குப் போட்டிருக்கிற நாற்காலியையும் நீ எழுந்துபோன பிறகு கழுவுகிறார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நம் பொய்யின்மேல் போட்டிருக்கிற நாற்காலி அது என்பது மட்டும் தெரியும்.

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நம் கிணற்றடியில் என்ன நடக்கிறது, மூன்று குடம் யார் வைத்தது, மூன்று போர் யார் தோட்டத்தில், அன்று நான் ஏன் பொய் சொன்னேன் எல்லாம் அதில் இருக்கிறது. இருபத்துமூன்று வீட்டில் பதினான்கு வீட்டார் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். ரங்கன் பெண்டாட்டி அவனுக்குத் தெரியாமல் வந்து வைத்தாள். அதை இங்கிலீஷில் எழுதி உங்கள் இயக்குநரிடம் கொடு. ஒரு சொல்லும் மாற்றாதே, இந்த முறை தலையைக் குனியாமல் சொல்லு. முப்பத்திரண்டாம் பக்கம் தப்பு என்று உங்கள் மையத்துத் தாளில் எழுதி முத்திரை போட்டு யூனியன் ஆபீசுக்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் இருபதாம் தேதிக்குள் கிடைக்கிறமாதிரி அனுப்பச்சொல். மாட்டோம் என்றால் புத்தகத்திலிருந்து உன் பேரை அடித்துவிட்டு, நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேலை போனால் போகிறது என்று நான் லேசாகச் சொல்லவில்லை, உன் படிப்புக்காக அப்பா தின்ற தூசியை நான் மறக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, அப்பாவுக்கு ஒரு கார்டு போடு, இருமலைப் பற்றிக் கேள். நீ நன்றாயிருக்க வேண்டும் சாமி, நான் திட்டினதெல்லாம் உன் தலையில் பூவாய் விழட்டும். இருபதாம் தேதியை மறக்காதே. அத்தாயி குடத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், நான் போக வேண்டும்.

இப்படிக்கு,
மூன்று குடம் போதும் என்று சொன்னவளும், பொய் என்று சொல்லிக் கயிற்றைத் தொட்டவளுமான
உன் அம்மா
கு. அங்கம்மாள்