மைக்கையும் பூட்டிவிட்டேன்

14 ஜூலை, திங்கள்
மஹ்மூதாம்மாவின் பரோட்டா ஃபேக்டரிக்கு எங்கள் ஆபீஸ் செய்து கொடுத்த லேபல் ப்ரோகிராமை இன்று கண்டெய்னருக்குள், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தடுப்புக்குள், அடைத்தேன். கம்ப்யூட்டரில் கண்ட ஃபைலையெல்லாம் துழாவுகிறது என்று புகார். இனி அதன் கண்ணுக்கு ஒரே ஃபோல்டர்தான் தெரியும். கருவிகளில் லேபல் பிரிண்டர் மட்டும். மற்றதெல்லாம் பூட்டு.

வீட்டில் என் அம்மாவிடம் சொன்னேன். "கண்டெய்னரா? ஒன்ன பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு மாத்திட்டாங்களா?"

15 ஜூலை
ப்ரோகிராமை எழுதிய பைரோஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை.
"நான் எழுதினத ஜெயில்ல போட்டுட்டீங்க, அக்கா."
"ஜெயில் இல்ல லா. வாடகை ரூம்."
சிரிக்கவில்லை.

16 ஜூலை
ஸ்கூடாயில் எங்கள் ஆபீசிலேயே சோதித்தேன். மவுஸை அழுத்தினேன், லேபல் வந்தது. இங்கிருந்தே ஃபேக்டரி கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டேன். தர்மினி, நீ கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

17 ஜூலை, வியாழன்
காலையிலேயே மஹ்மூதாம்மா போன். "லேபல் வரல. சிங்கப்பூர் லாரி வாசல்ல நிக்குது. இன்னிக்கு சரக்கு போகலன்னா நான் வேற கம்பெனி பாத்துக்கறேன்."

நானும் பைரோஸும் தம்போயில் இருக்கும் ஃபேக்டரிக்கு ஓடினோம்.

பேக்கிங் அறைக்குள் நுழைந்தால் — அலமாக்! கையுறையெல்லாம் மாவும் நெய்யுமாகப் பெண்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று "பிரிண்ட்! பிரிண்ட்!" என்று கத்துகிறார்கள். சாந்தினி என்ற அக்கா அதை அதட்டியே விட்டார்: "காது அடைச்சுப் போச்சா ஒனக்கு?"

அடைத்தது நான்தான்.

பைரோஸ் தரையைப் பார்த்தான். "கை மாவா இருக்கு, மவுஸத் தொட முடியலன்னாங்க. மைக்ல சொன்னா பிரிண்ட் அடிக்கிற மாதிரி செஞ்சு குடுத்தேன்."
"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"
"பூட்டுறப்ப நீங்க கேக்கவே இல்லையே?"

மைக்கை மட்டும் திறந்துவிட்டேன். கேமராவும் மற்ற ஃபைல்களும் பூட்டியபடியேதான். சாந்தினி அக்கா ஒரே ஒரு அதட்டல் போட்டார். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. எல்லோரும் கைதட்டியதில் அறை முழுக்க மாவு. லாரி கிளம்பியது.

18 ஜூலை
பைரோஸுக்கு தே தாரிக் டீ நான் வாங்கிக் கொடுத்தேன். குடித்தான்.

25 ஜூலை, வெள்ளி
"அக்கா, ஸ்பீக்கரும் தொறக்கலாமா?" பைரோஸ் இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறான்.
"எதுக்கு?"
"அதட்டினா அது 'சரிம்மா'ன்னு பதில் சொல்லணுமாம். சாந்தினி அக்கா ஆசப்படறாங்க."

முடியவே முடியாது என்றேன். சாயங்காலம் திறந்தேன். குரலுக்கு ஆள் வேண்டும் என்று மைக்கை என் முன்னால் வைத்தான். "சரிம்மா" என்றேன்.

"பணிவு பத்தலக்கா. இன்னொரு தடவ."

சொன்னேன்.